பூஜ்யமா, விடுபட்டதா?

"சார், இந்த நாலை எப்படி எழுதறது? பூஜ்யம்னு போடவா, விட்டுடவா?" என்று கேட்டாள், சோதனையைப் பதிவு செய்துகொண்டிருந்த பெண்.

சோயா பசையில் ஒட்டிய மூன்று மலைவேம்பு ப்ளைவுட் பலகைகளிலிருந்து அறுத்த பன்னிரண்டு துண்டுகள், 24 மணி நேரம் 20 டிகிரி தண்ணீரில் ஊறின. வெளியே எடுத்தபோது நான்கு தாமாகவே பிரிந்து கிடந்தன. இழுவைப் பொறியில் மாட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மற்ற எட்டும் சராசரியாகச் சதுர மில்லிமீட்டருக்கு 1.05 நியூட்டன் தாங்கின. 25-க்கு 25 மி.மீ. ஒட்டுப்பரப்பில் இது ஏறத்தாழ 656 நியூட்டன்.

"காரணம்தான் தெரியுதே, விட்டுடும்மா. எட்டு துண்டுனு கீழே குறிப்பு போட்டுடு" என்றேன்.

அந்த பதிலின் எடை கணக்கில்தான் தெரியும். ஐரோப்பிய இஎன் 314 தரநிலையில் சராசரி 1.0-ஐத் தொட்டால் மரக்கிழிவு (உடைந்த முகத்தில் பசை விடாமல் மரமே கிழிந்த பங்கு) எவ்வளவு என்று கேள்வியே இல்லை. 0.6-க்கும் 1.0-க்கும் நடுவில் நின்றால் குறைந்தது 40 சதவீதம் மரம் கிழிந்திருக்க வேண்டும். நான்கு பூஜ்யங்களையும் சேர்த்தால் சராசரி 0.70. எட்டில் 50 சதவீதமாக இருந்த மரக்கிழிவு, பன்னிரண்டுக்குப் பரப்பினால் 33. விட்டால் தேர்ச்சி, சேர்த்தால் தோல்வி. (மரக்கிழிவையும் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறோம், இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண்.)

காரணம் என்று நான் சொன்னது இது. எண்ணெய் நீக்கிய சோயா மாவு 100 கிராம், பசையைத் தண்ணீர் தாங்கும்படி இறுக்கும் பிஏஇ பிசின் திடக்கணக்கில் 10 கிராம், மொத்தத்தில் திடப்பொருள் 30 சதவீதம் வரும் அளவு தண்ணீர். ஒரு பசைக்கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் பூச்சு. 120 டிகிரி, 1 மெகாபாஸ்கல், ஐந்து நிமிடம். இந்தப் பசையில் தண்ணீர் அதிகம் என்பதால் பிரஸ்ஸைச் சட்டென்று திறக்க முடியாது. உள்ளே அடைபட்ட ஆவி பலகையை வெடிக்க வைத்துவிடும். அழுத்தத்தை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். அதற்குள் மூன்றாவது பலகையின் கோர் (நடு அடுக்கு) பசை பூசிய நிலையில், மேல் வெனீர் (மெல்லிய மரத்தகடு) வைக்கப்படாமல், மின்விசிறிக்குக் கீழே இருபது நிமிடம் காத்திருந்தது. உலர்ந்த வெனீர் தண்ணீரை உறிஞ்ச, பூச்சின் மேல் தோல் கட்டிவிட்டது. பிரிந்த நான்கும் அந்தப் பலகையுடையவை. ஒரு முகத்தில் பளபளவென்று பசை. எதிர்முகத்தில் வெறும் மரம். பசை மறுபக்கம் போகவே இல்லை. இதைப் பசையின் குற்றம் என்று எப்படிச் சொல்வது? கைக்குற்றம்.

அப்படித்தான் அன்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான்.

மீதிப் பாதி கேட்பது வேறு. பூசிய பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்கலாம் என்பதும் பசையின் குணம்தானே? கேரளத்தின் பெரும்பாவூரில் ஒரு ப்ளைவுட் ஆலைக்கு இதைக் கொண்டுபோனால், பல அடுக்கு ஹாட் பிரஸ் நிரம்பும்வரை முதலில் பூசிய கோர் காத்திருக்கத்தான் வேண்டும். அங்கே இருபது நிமிடம் என்பது விபத்தல்ல, வழக்கம். அதோடு, நான்கு துண்டுகளும் ஒரே பலகை என்றால் நான் விட்டது பன்னிரண்டில் நான்கு அல்ல, மூன்றில் ஒன்று. "எட்டு துண்டு" என்ற குறிப்பில் இது தெரியாது.

வழக்கமான ப்ளைவுட் பசைகளில் இருக்கும் பார்மால்டிஹைடு இல்லாத பசை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்திவிட்டது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடல் சிப்பியின் பிடிப்பைப் பார்த்து யோசித்த சோயா பசை ஆலைக்கே போய், 2007-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதில் பங்கு பெற்றது. நல்ல காரியத்துக்காக உழைக்கிறோம் என்ற நினைப்பு அந்த "விட்டுடும்மா"வில் கொஞ்சம் கலந்திருந்ததோ என்னவோ. மறுபடி மூன்று பலகை ஒட்டச் சொல்லியிருக்கலாம். வெனீர் இருந்தது. ஒரு நாள் வேலை.

பிரிந்த நான்கு ஜோடிகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தோம். போன வாரம் எடுத்து நனைத்து, பசைமுகத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். பலகையின் ஓரத்தில் அறுத்த இரண்டும் ரப்பர் மாதிரி உப்பி நின்றன. நடுவில் அறுத்த இரண்டும் வெண்டைக்காய் மாதிரி வழவழத்தன. பூச்சு உலர்ந்துபோனது மட்டுமே காரணம் என்றால் சூட்டில் நான்கும் இறுகி, இப்போது உப்பியிருக்க வேண்டும். நடுப்பகுதியில் பசை இறுகவே இல்லையோ?

மற்ற இரண்டு பலகைகளின் நடுத்துண்டுகள் எவை என்று பதிவேட்டில் தேடினேன். அவற்றில் இடம் குறிக்கப்படவில்லை.