கழிப்பறைக்குள் ஸ்விட்ச், கோபுரத்தில் ஆன்டெனா: பெர்லின் ஹேக்கர்களிடையே

பெர்லினின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது 368 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரத்தை. நான் தேடிப் போனது அதே சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் 12 மாடிக் கட்டடம் ஒன்றை. ஹவுஸ் டெஸ் லேரர்ஸ், அதாவது ஆசிரியர் இல்லம், என்று பெயர். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது, 1964-ல் கட்டி முடித்தது. இடுப்பில் ஒட்டியாணம் போலச் சுற்றி வரும் மொசைக் ஓவியத்தைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதற்கு மேலே இருக்கும் எட்டு மாடிகளின் ஜன்னல்கள் போதும். ஒரு வரிசையில் 18, எட்டு வரிசை, மொத்தம் 144. எதிரே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

2001 செப்டம்பரில் இந்த ஜன்னல்கள்தான் ஊருக்கே திரையாக இருந்தன. ஜெர்மனி ஹேக்கர்களின் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் தொடங்கி அப்போது 20 ஆண்டு. அதைக் கொண்டாட, காலியாகக் கிடந்த இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் ஒரு விளக்கை வைத்தார்கள். வெளிச்சம் சீராகப் பரவ கண்ணாடிக்கு வெள்ளை அடித்தார்கள். விளக்குகளை எல்லாம் ஒரு கணினியோடு இணைத்தார்கள். ஒரு ஜன்னல் ஒரு பிக்ஸல், அதாவது திரையின் ஒரு புள்ளி. 'பிளிங்கன்லைட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். சதுக்கத்தில் நிற்கும் யாரும் கைப்பேசியில் ஒரு எண்ணை அழைத்து, விசைகளை அழுத்தி, கட்டடத்தின் மேல் பாங் என்ற பழைய வீடியோ விளையாட்டை விளையாடலாம். வீட்டில் உட்கார்ந்து சிறு அசைபடம் செய்து அனுப்பினால் அதுவும் ஓடும். காதல் சேதி அனுப்பியவர்களும் உண்டு. 2002 பிப்ரவரி வரை இரவுதோறும் எரிந்தது. அடுத்து பாரிஸில் தேசிய நூலகக் கோபுரம் ஒன்றில் 520 ஜன்னல்களை வைத்து இதே வேலையைச் செய்தார்கள்.

கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான வௌ ஹாலண்ட் அந்த ஜூலையில்தான் இறந்திருந்தார். விளக்குகளை அவருக்கே காணிக்கை ஆக்கினார்கள். இத்தனை வேலையையும் செய்தவர்கள் மாலை நேரத்தையும் வார இறுதியையும் கொடுத்தவர்கள். இந்தப் பயணம் முழுக்க நான் பார்க்க நினைத்தது இதைத்தான்: பொழுதுபோக்காகத் தொடங்கும் ஒன்றை, முன்பின் தெரியாதவர்களும் பயன்படுத்தும் பொருளாக எப்படி ஆக்குகிறார்கள்?

அங்கிருந்து நடந்தேன். ஆசிரியர் இல்லத்துக்குப் பக்கத்திலேயே குவிமாடத்தோடு ஒரு மாநாட்டு மண்டபம். 2003 முதல் 2011 வரை கிளப்பின் ஆண்டுக் கூட்டம் டிசம்பர் கடைசியில் இங்கேதான் நடந்தது. தெற்கே போய், ஸ்ப்ரே ஆற்றின் மேல் யான்னோவிட்ஸ் பாலத்தைக் கடந்தால் ரூங்க தெரு. 20-ம் எண் வளாகத்துக்குள் நுழைந்து கடைசி வரை போக வேண்டும். அங்கேதான் ஹேக்கர்கள் கூடும் சி-பேஸ்.

1995-ல் தொடங்கிய இந்தச் சங்கத்துக்கு ஒரு தலபுராணம் உண்டு. பெர்லினுக்கு அடியில் ஒரு விண்வெளி நிலையம் விழுந்து புதைந்து கிடக்கிறதாம். அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் கோபுரம் அதன் ஆன்டெனாவாம். உறுப்பினர்கள் செய்வதெல்லாம் நிலையத்தைச் சீரமைக்கும் பணி. கேட்கிறபோது விளையாட்டாகத் தோன்றும். உள்ளே போனால் அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று புரிகிறது. சுவர் முழுக்க குழாய்கள், பழைய மின்சுற்றுப் பலகைகள், நீல வெளிச்சம். யார் எதைச் செய்தாலும், ஒரு மேசைக்கு விளக்குப் போட்டாலும், கதவுப் பூட்டுக்கு நிரல் எழுதினாலும், அது பொதுக் கதையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. புதிதாக வருகிறவருக்கும் அந்தக் கதைக்குள் உடனே ஒரு வேலை கிடைக்கிறது.

நான் போனது ஃப்ரைஃபுங்க் குழு கூடும் மாலை. பெர்லின் கூரைகளின் மேல் இலவச வைஃபை வலையை விரித்தவர்கள் இவர்கள். மேசையில் மூடி கழற்றிய ரவுட்டர்கள், சுருள் சுருளாகக் கேபிள், நடுவே கிளப்-மாட்டே பாட்டில்கள். தென் அமெரிக்க மாட்டே இலையில் செய்யும் அந்தப் பானம் லேசான கசப்பும் புளிப்புமாக இருக்கிறது. இந்த ஊரில் ஹேக்கர்கள் எங்கே கூடினாலும் அது உண்டு.

ஒரு பெண்மணி கூரையில் பொருத்தும் ரவுட்டர் ஒன்றில் புது மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்ததும், நான் கேட்கும் முன்பே திரையை என் பக்கம் திருப்பி விளக்கத் தொடங்கினார். 1990-களில், ஜெர்மனி இணைந்த பிறகு, கிழக்கு பெர்லினின் பல பகுதிகளில் தொலைபேசிக்குக் கண்ணாடி இழை போட்டார்கள். அப்போதைக்கு அது நவீனம். ஆனால் சில ஆண்டுகளில் வந்த டிஎஸ்எல் இணையத்துக்குச் செப்புக் கம்பி வேண்டும். கண்ணாடி இழை போட்ட தெருக்களுக்கு வேக இணையம் கிடைக்காமல் போயிற்று. இணைப்பு இருக்கும் வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்குக் கூரை வழியாக வைஃபையில் கடத்தலாம் என்று அக்கம்பக்கத்தார் இறங்கினார்கள். ஃப்ரைஃபுங்க் இங்கே வேர்விட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வலை வளர வளர ஒரு சிக்கல் வந்தது. தரவு எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணக்கிட அப்போது பயன்படுத்திய ஓஎல்எஸ்ஆர் முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் வலை முழுமைக்குமான வரைபடத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மாற்றம் வரும்போதெல்லாம் வழிகளைத் திரும்பக் கணக்கிட வேண்டும். நூற்றுக்கணக்கான கூரைகள் சேர்ந்ததும் சின்ன ரவுட்டர்களின் பிராசஸர் திணறியது. 'வரைபடமே வேண்டாம்' என்று பெர்லின் குழுவினர் முடிவு செய்து எழுதியதுதான் பேட்மேன் நெறிமுறை. ஒவ்வொரு ரவுட்டரும் 'நான் இருக்கிறேன்' என்று அவ்வப்போது சேதி அனுப்பும். அந்தச் சேதி எந்த அண்டை ரவுட்டர் வழியாக நன்றாக வந்து சேர்கிறது என்பதை மட்டும் மற்றவை நினைவில் வைத்தால் போதும். முழு வழி யாருக்கும் தெரியாது. அடுத்த அடி மட்டும் எல்லோருக்கும் தெரியும். இதன் பிந்தைய வடிவம் 2011-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்தது. கூரை ஏறிய அக்கம்பக்கத்தாரின் தேவைக்கு எழுதியது, இன்று உலகில் லினக்ஸ் ஓடும் எந்தக் கணினிக்கும் கிடைக்கிறது. அன்று மாலை எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

தேவாலயக் கோபுரங்களிலும் ஆன்டெனா உண்டு என்றார் அந்தப் பெண்மணி. உயரமான இடம் தர தேவாலயங்கள் முன்வந்தன. அங்கிருந்து நகரத்தின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நேர் இணைப்பு. தொல்லை வந்தது சட்டத்திலிருந்து. உங்கள் வைஃபையில் யாரோ திரைப்படத்தைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்தால் வழக்கறிஞர் நோட்டீஸ் உங்களுக்கு வரும் என்ற நிலை ஜெர்மனியில் நெடுநாள் இருந்தது. பயந்து பலர் வலையைப் பூட்டினார்கள். ஃப்ரைஃபுங்க் ஆட்கள் இணையப் போக்குவரத்தை வெளிநாட்டு வழியாகத் திருப்பிவிட்டு, கூரை கொடுத்தவரைக் காப்பாற்றினார்கள். கூடவே சட்டத்தை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். 2017-ல் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் நீங்கியது. சால்டரிங் அயர்னைப் பிடித்த அதே கை மனுவும் எழுதியது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இந்த மாதிரி இடங்களில் ஆண்கள்தான் அதிகம். அன்றும் அப்படித்தான். அதை மாற்றத்தான் கேயாஸ் கிளப்புக்குள் ஹெக்ஸன் என்ற பெண்கள் குழு 1988-லேயே உருவானது. மாற்றம் இன்னும் வேகமாக வர வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

2023 ஆகஸ்டில் எனக்குக் கிடைத்த பேறு, கிளப் நடத்தும் கேயாஸ் முகாம். 1999 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. பெர்லினுக்கு வடக்கே, ட்ஸேடனிக் ஊருக்குப் பக்கம், மில்டன்பெர்க்கில் பழைய செங்கல் சூளைகளை அருங்காட்சியகமாக்கிய பூங்காவில் கூடாரம் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள். சூளைக்காரர்கள் களிமண் ஏற்றிய குறுகிய ரயில் பாதை இப்போதும் பூங்காவுக்குள் ஓடுகிறது.

முகாமில் என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது ஒரு கழிப்பறை. கட்டுமான இடங்களில் வைப்பார்களே, அந்த பிளாஸ்டிக் பெட்டி. புல்வெளியில் ஆங்காங்கே நிற்கின்றன. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கை இல்லை. பல கணினிகளை வலையில் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிறது. 'டாட்டன்க்ளோ', தரவுக் கழிப்பறை, என்கிறார்கள். மழை படாது, காற்றோட்டம் உண்டு, பூட்டலாம், லாரியில் ஏற்றி வேண்டிய எண்ணிக்கையில் இறக்கலாம். வயல்வெளியில் மின்னணுச் சாதனம் வைக்க இதைவிடப் பொருத்தமான பெட்டி எது? அவற்றுக்கிடையே கண்ணாடி இழை ஓடுகிறது. கூடாரத்திலிருந்து அதுவரை நம் கேபிளை நாமே இழுத்து வர வேண்டும். அதனால் நுழைவாயிலில் கேபிள் சுருளைத் தோளில் மாட்டியபடி வருகிறவர்களே அதிகம்.

நுழைந்ததும் ஆளுக்கொரு மின்னணு பேட்ஜ். 2011-ல் ஒரு ராக்கெட், 2015-ல் ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவி, 2019-ல் இதயத் துடிப்பைப் பதியும் கைப்பட்டை. 2023-ல் பத்து இதழ் கொண்ட மலர்: இதழைத் தொட்டால் இசை, நடுவில் வட்டத் திரை. பாகங்களாகத்தான் தருகிறார்கள். நீண்ட மேசைகளில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரோடு திருகாணி பரிமாறிப் பொருத்த வேண்டும். முடித்தவர்கள் எழுந்து போகாமல் அடுத்தவருக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள். மறுநாளே பைத்தான் நிரல்மொழியில் புதுப்புது செயலிகள் வந்து குவிந்தன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் அதற்குத் தாளம் சேர்த்தார்.

இங்கே ஊழியர்கள் கிடையாது. வேலை செய்பவர்களை எங்கல், தேவதை, என்கிறார்கள். பெயர் கொடுக்கும் இடத்துக்கு 'சொர்க்கம்' என்று பெயர். நானும் பதிந்து சமையல் கூடத்தில் ஒரு முறை, கேபிள் சுருட்டுவதில் ஒரு முறை நின்றேன். கேபிளை ஒரே திசையில் சுற்றினால் முறுக்கேறும். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கீழாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்படிச் சுற்றியதை ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சில்லாமல் விரியும். இதைக் கற்றுக்கொடுத்த இளைஞர் மூன்று முறை பொறுமையாகச் செய்து காட்டினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முகாமுக்கும், டிசம்பர் 27 முதல் 30 வரை இப்போது ஹாம்பர்கில் நடக்கும் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்துக்கும் டிக்கெட் கிடைப்பது கடினம். விற்பனை தொடங்கும் நேரத்திலேயே முயல வேண்டும். சி-பேஸ் போன்ற இடங்களுக்கு டிக்கெட் வேண்டாம். விருந்தினருக்குத் திறந்திருக்கும் மாலை எது என்று பார்த்துக்கொண்டு போங்கள். எங்கே போனாலும் கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், இது அங்கே கண்டிப்பான விதி. முகாமுக்கு 50 மீட்டருக்குக் குறையாத நெட்வொர்க் கேபிள் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். இன்னும் நீளமாக இருந்தால் பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கும் உதவும்.