சாயம் வெளுக்கும் வெளிச்சம்

நவம்பரில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய வெப்கேம் வாங்கினேன். 150 ரூபாய். கெட்டுப்போனாலும் வருத்தம் இருக்காது, கெடுப்பதற்காகவே வாங்கியதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. ஆனால் நல்ல கேமராவில் கை வைக்கத் தைரியம் இல்லை.

நம் கண்ணுக்குச் சுமார் 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு வெளிச்சம் முடிந்துவிடுகிறது. கேமராவில் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு அப்படியில்லை, 1,100 வரைக்கும் அது பார்க்கும். பார்த்தால் படத்தின் நிறம் கெட்டுவிடும் என்று கேமரா செய்பவர்கள் அதன் முன்னால் ஒரு கண்ணாடியைப் போட்டு அகச்சிவப்பைத் தடுத்துவிடுகிறார்கள். வெப்கேமில் லென்ஸைத் திருகிக் கழற்றினால் அதன் பின்பக்கம் அந்தக் கண்ணாடி தெரியும். சாய்த்துப் பிடித்தால் சிவப்பாக மின்னும், சின்னச் சதுரம். பிளேடால் நெம்பினேன், நாலு துண்டாக வந்தது. (கண்ணாடித் தூள் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஷ் உள்ள பழைய டிஜிட்டல் கேமராவை மட்டும் இப்படிப் பிரிக்கவே வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.)

தடுப்பு போனது. அடுத்து, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடுகிற ஏதாவது வேண்டும். அதற்குத்தான் பெரியப்பாவிடம் போனேன். ஸ்ரீராம்புரத்தில் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

"கேமராவில் ரோல் மாட்டும்போது வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போகுமே, அந்த முனைத் துண்டு இருக்கா பெரியப்பா?"

"ஊரெல்லாம் நல்ல படத்தைக் கேட்பாங்க. நீ வீணாப்போன முனையைக் கேட்கிறே" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார்.

முதலில் கிடைத்தது கறுப்பு வெள்ளை ஃபிலிமின் முனை. நல்ல கும்மிருட்டுக் கறுப்பு. வெட்டி ஒட்டினால் திரையில் ஒன்றுமே இல்லை. கலர் நெகட்டிவின் முனையை இரண்டு அடுக்காக ஒட்டியதும் ஜன்னல் தெரிந்தது! இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே கறுப்புதான். ஆனால் கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளித் துகள், அது எந்த வெளிச்சத்தையும் விடாது. கலர் ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி போய்விடும், சாயம் மட்டும் மிஞ்சும். அந்தச் சாயம் நம் கண்ணுக்குத்தான் திரை, அகச்சிவப்புக்குத் திறந்த வாசல். இதைச் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யக் கொடுத்தபோது, தூசியைத் தானாக நீக்கும் வசதி கறுப்பு வெள்ளைக்கு மட்டும் சரிவராது என்று லேபில் சொன்னார்களாம். காரணம் இதேதான். ஸ்கேனர் அகச்சிவப்பை அடித்துப் பார்க்கும். சாயம் அதில் தெரியாது, தூசி மட்டும் நிழலாக விழும். வெள்ளி இருந்தால் படமே தூசி மாதிரி ஆகிவிடும்.

அன்று ராத்திரி இன்னொன்று நினைவுக்கு வந்து முதுகு சில்லிட்டது. 1995 அக்டோபர் 24 சூரிய கிரகணத்தை நாங்கள் பிள்ளைகள் எல்லாம் மாடியில் நின்று கலர் நெகட்டிவ் வழியாகத்தான் பார்த்தோம். கண் கூசவில்லை என்று பெருமை வேறு. அகச்சிவப்பு முழுக்க உள்ளே போயிருக்கும்! இப்போது அகச்சிவப்பு ஃபில்டர் வாங்குபவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்: கறுப்பாக இருக்கிறதே என்று அதன் வழியே சூரியனைப் பார்க்காதீர்கள்.

வெப்கேமில் முதல் வாரம் வெறும் விளையாட்டுதான். டிவி ரிமோட்டின் முனை டார்ச் போல விட்டு விட்டு எரிந்தது. ஹாலில் எல்இடி டியூப்லைட் எரிய, திரையோ அமாவாசை. எல்இடியில் அகச்சிவப்பு இல்லை என்று படித்திருந்தாலும், வெளிச்சமான அறையில் அந்த இருட்டைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. ஆறு மணிக்கு அம்மா குத்துவிளக்கு ஏற்றினார். ஐந்து முகமும் எரிந்ததும் இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் முகம், சுவர், காலண்டர் எல்லாம் எழுந்து வந்தன. இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். தரம் என்று பார்த்தால் படுமோசம்.

டிசம்பரில் நிக்கான் டி70 ஒன்று பழையதாகக் கிடைத்தது. 2004இல் வந்த 6 மெகாபிக்சல் கேமரா. இன்று யாரும் சீண்டமாட்டார்கள். அகச்சிவப்புக்காரர்கள் மட்டும் தேடுவார்கள், அதன் தடுப்புக் கண்ணாடி கொஞ்சம் தளர்வானது என்பதால். கூடவே ஹோயா ஆர்72 ஃபில்டர். 720 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். 67 மில்லிமீட்டர் அளவில் வாங்கினேன். சிறிய லென்ஸுக்கு வளையம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். பெரிய லென்ஸில் சிறிய ஃபில்டரை மாட்டினால் படத்தின் ஓரங்கள் மறைந்துபோகலாம்.

ஃபில்டரை மாட்டியதும் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. பின்பக்கத் திரையில் காட்சியை நேரடியாகக் காட்டும் லைவ் வியூவும் டி70இல் கிடையாது. முதலில் ட்ரைபாடில் வைத்துச் சட்டகம் பார்த்து, ஃபோகஸ் பிடித்து, ஆட்டோவை அணைத்து, ஆடாமல் ஃபில்டரைத் திருக வேண்டும். நான் முதல் முப்பது படத்திலும் திருகும்போது ஃபோகஸ் வளையத்தையும் சேர்த்துத் திருகியிருந்தேன். அது சரியான பிறகும் படம் லேசாக மங்கியது. அகச்சிவப்பு ஃபோகஸ் ஆகும் இடமே வேறு என்பது உறைத்தது அப்போதுதான். பெரியப்பாவின் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸில் தூரக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். "அது எதுக்குன்னு எனக்குத் தெரியும், ஆனா ஒரு நாளும் தொட்டதில்லை" என்றார். வழக்கம்போல ஃபோகஸ் பிடித்து, கோட்டில் நிற்கும் தூர எண்ணை அந்தப் புள்ளிக்கு நகர்த்தினால் போதும், சுத்தமாக வருகிறது. அந்த லென்ஸோடு டி70இன் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. இந்த ஃபில்டரைப் போட்ட பிறகு மீட்டர் சொல்வதை யார் நம்பப்போகிறார்கள்!

புள்ளி உதவியது, லென்ஸ் உதவவில்லை. லென்ஸின் துவாரத்தை எஃப்/11க்கு மூடினால் படத்தின் நடுவே நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம். லென்ஸுக்குள்ளேயே அகச்சிவப்பு மோதித் திரும்புவதால் வருவது, மூட மூடக் கூடும். எஃப்/5.6இல் தப்பித்தேன். ஜூம் லென்ஸில் அந்தத் தொல்லை இல்லை. விலைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐஎஸ்ஓ 200, எஃப்/8, உச்சி வெயிலில் ஒரு விநாடி. இது டி70இன் கணக்கு. நண்பரின் புதிய கேமராவில் அதே ஃபில்டருக்கு 30 விநாடி கொடுத்தும் மங்கல்தான், அதில் தடுப்பு அவ்வளவு கெட்டி. ஒரு விநாடிப் படங்களிலும் குறுக்கே புகைபோல ஒரு பட்டை விழுந்துகொண்டிருந்தது. வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வியூஃபைண்டர் வழியாக உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது கண் வைக்கும் இடத்தில் கர்ச்சீப்பைப் போர்த்துகிறேன்.

நல்ல படம் வேண்டுமானால் காலையிலும் மாலையிலும் போ என்பார்கள். இதற்கு நேர் எதிர். பன்னிரண்டு மணிக்கு, மற்றவர்கள் நிழல் தேடும்போது, நான் அல்சூர் ஏரிக்கரையில் நிற்பேன். (ஒரு பக்கம் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் இடம். ட்ரைபாடை அந்தப் பக்கம் திருப்புவதில்லை.) ஏரி நீர் மைபோலக் கறுப்பாக வரும், வானம் இருளும், மேகம் மட்டும் வெண்ணெய் உருண்டையாகத் திரளும். நீலத்தைச் சிதறடிப்பதுபோல அகச்சிவப்பைக் காற்று சிதறடிப்பதில்லை, அதனால்தான் வானத்தில் அந்த இருட்டு. கரையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் பஞ்சு வெடித்த மாதிரி வெளுத்து நிற்கின்றன. பச்சையம் 700க்கு மேல் வெளிச்சத்தை உறிஞ்சுவதில்லை. இலைக்குள் இருக்கும் செல் சுவர்களிலும் காற்றறைகளிலும் பட்டு அது நாலாபுறமும் திரும்பி வந்துவிடுகிறது. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910இல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். அவர் பெயரால்தான் இதை வுட் விளைவு என்கிறார்கள்.

ஏரிக்கரையில் நடப்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "ராத்திரியில் ஆள் சூடு தெரியுமா சார்?" தெரியாது. உடம்புச் சூட்டைக் காட்டும் கேமரா 8,000 முதல் 14,000 நானோமீட்டர் வரை பார்க்கிறது. என்னுடையது நம் கண்ணின் வேலிக்கு அடுத்த வீடு, அவ்வளவுதான்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. கேமராவில் வெள்ளைச் சமநிலையைப் புல்வெளியை வைத்துச் சேமித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் எல்லாமே ரத்தச் சிவப்பு. பிறகு ஜிம்ப் மென்பொருளின் சேனல் மிக்சரில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் செம்மண் நிற வானம் நீலமாகும். லைட்ரூம் மென்பொருளில் வெள்ளைச் சமநிலை போதுமான அளவு கீழே இறங்காமல் தவித்தேன். அதன் வெப்ப அளவு 2,000 கெல்வினோடு நின்றுவிடுகிறது, தனியாக ஒரு ப்ரொஃபைல் செய்துகொள்ள வேண்டும். நீல வானமும் வெள்ளை மரமும் ஒரு வாரம் ஆசையாக இருந்தது. அப்புறம் காலண்டர் படம்போலத் தோன்றி, இப்போது கறுப்பு வெள்ளைக்கே மாற்றிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு பரீட்சை வைத்தேன். இரண்டாம் உலகப் போரில், பச்சைப் பெயின்ட் அடித்து மறைத்ததையும் உண்மையான இலையையும் பிரித்தறிய அகச்சிவப்பு ஃபிலிம் பயன்பட்டது என்று படித்திருந்தேன். எங்கள் வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், பக்கத்து வீட்டில் பொங்கலுக்குக் கட்டிய நிஜத் தோரணம். "இப்போ பாருங்க, நம்முடையது கறுப்பா வரும்" என்று அம்மாவிடம் சவால் விட்டேன். இரண்டும் ஒரே வெள்ளையாக வந்தன. "அப்போ நம்ம தோரணம் நல்ல தோரணம்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். எல்லாப் பச்சையும் அந்தக் காலத்துப் பெயின்ட் இல்லையே. மறுபடியும் சாயம்தான்.

அதிலிருந்து எதை எடுத்தாலும் சாயத்தையே பார்க்கிறேன். பெரியப்பாவின் கறுப்புக் குடை சாம்பல் நிறத்தில் வந்தது. என் கறுப்புச் சட்டை பழுப்பு வேட்டி போல. 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் தடுப்புக் கண்ணாடி போதாமல் கறுப்புத் துணிகள் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தன, கடைசியில் நிறுவனமே ஃபில்டர் கொடுத்தது. அது ஏன் என்று என் சட்டையே சொல்லிவிட்டது. தபேபுயா மரங்கள் பூத்ததும் கப்பன் பார்க் பக்கம் ஓடினேன். ரோஜா நிற மரத்தடியில் செல்ஃபி எடுக்க ஒரே கூட்டம். என் படத்தில் அந்த மரமும் பக்கத்தில் இலையோடு நின்ற சாதாரண மரமும் ஒரே வெள்ளை. பூவின் நிறமும் அவ்வளவுதான்.

போன ஞாயிறு பெரியப்பாவை மாடியில் உட்கார வைத்தேன். ஒரு விநாடி என்பதால் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "அசையாதீங்கன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்" என்று சிரித்து, அதிலேயே முதல் படம் ஆடிப்போனது. இரண்டாவது நன்றாக வந்தது. தோல் பளிங்கு மாதிரி, கண் மட்டும் கரிய பள்ளம். தலைமுடி? அகச்சிவப்பில் எல்லோருடைய முடியும் கொஞ்சம் வெளுக்கும், என்னுடையதும் வெளுத்தது. அவருடையது அப்படி இல்லை. காது வரைக்கும் வெள்ளி.

மாதம் தவறாமல் மை பூசுகிறவர். கேமராவின் குட்டித் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"சாயம் வெளுத்துப்போச்சுடா" என்றார். பிறகு, "இதை எட்டுக்குப் பத்தில் ஒரு பிரின்ட் போடு. பெரியம்மா கேட்டால் லைட்டிங் என்று சொல்லிக்கிறேன்."