முதல் சாலுரான்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் பத்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். 2013 தேர்தல் முடிந்த கையோடு சேர்ந்தேன். காலையில் கதவைத் திறக்கும்போதே வெளியே நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் தண்ணீர் பில், ஒருவர் கையில் வாடகை வீட்டுக்கான விண்ணப்பப் பாரம், இன்னொருவர் கைபேசியில் அடைத்துக்கொண்ட லோங்காங்கின், அதாவது சாக்கடையின், படம்.

லோங்காங்குக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே ஆரம்பத்தில் புரியவில்லை. ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் இருக்கிற அந்தப் பழைய மண்டபத்தில் உட்கார்ந்து மாநிலச் சட்டமும் பட்ஜெட்டும் பேசத்தானே ஆளை அனுப்புகிறோம்? அப்புறம்தான் விளங்கியது. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாநகர் மன்றத்தின் வேலை. ஆனால் அங்கே உட்காரும் கவுன்சிலர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. இத்தனைக்கும் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன்காரர்கள் நகராட்சிக்கு ஓட்டுப் போட்டபோது, மலாயாவில் வேறெங்கும் தேர்தல் என்ற ஒன்றே நடந்திருக்கவில்லை. 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தியவர்கள் திரும்பக் கொண்டுவரவே இல்லை. பினாங்கு அரசு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, 2014இல் அதுவும் பலிக்கவில்லை. ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளிடம்தானே உரிமையோடு கேட்க முடியும்? அதனால்தான் லோங்காங் எங்கள் கதவைத் தட்டுகிறது. இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. லோங்காங் புகார்கள் ஒரே தெருவிலிருந்து பத்து வந்தால், அதையே தேதிவாரியாக அடுக்கி ஒய்பியிடம் (சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுப்பேன். அடுத்த கூட்டத்தொடரில் அது கேள்வியாகப் போகும். எழுத்துப்பூர்வமாகப் பதில் வரும்போது அந்தத் தெருவுக்கே எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

வந்தவர்களில் தமிழர்கள் பாதிகூட இல்லை. பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகள், ஒன்றில்கூட இந்தியர்கள் பெரும்பான்மை இல்லை. நம்மவர் ஒருவர் ஜெயிக்கிறார் என்றால் சீனர்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டில்தான் ஜெயிக்கிறார். ஹொக்கியன் சீனத்தில் சண்டை போடும் சந்தைக்கார அம்மாவுக்கும், சூராவ் என்கிற சிறு தொழுகைக்கூடத்தின் கூரைக்கு உதவி கேட்டு வரும் மலாய்ப் பெரியவருக்கும் அவர்தான் ஒய்பி. ஆனாலும் நம் சனங்களுக்கு அவர் ‘நம்ம ஆளு’. தொகுதி தாண்டி, சில சமயம் கெடாவிலிருந்துகூட வருவார்கள். “நீங்க எங்க தொகுதி இல்லையே” என்று சொல்லி அனுப்ப மனசு வராது. இந்த இரண்டு எதிர்பார்ப்புகளையும் ஒரே ஆள் சுமப்பது எவ்வளவு பாரம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

ஓட்டு இருப்பவர்களைப் பற்றி இவ்வளவு சொன்னேன். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது ஓட்டு இல்லாத ஒருவரைப் பற்றி.

2018இல் ஆட்சி மாறிய சில வாரங்களில், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை கிடைக்கும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு பாட்டி வந்தார். “மின்னல் ரேடியோல சொன்னாங்க தம்பி. என் பேரு அதுல இருக்கா பாரு.” கையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பை.

“இது மாநில விஷயம் இல்ல பாட்டி, கோலாலம்பூர்ல முடிவு பண்றது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது சட்டப்படி சரி. குடியுரிமை கூட்டரசின் அதிகாரம், சட்டமன்ற உறுப்பினர் ஆதரவுக் கடிதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடிதத்தைக்கூட நான் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கூட்டம் அதிகம், அவருக்கு ஓட்டும் இல்லை. அந்த இரண்டாவது காரணம் என் மனசில் ஓடியது என்பதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அவரே திரும்ப வந்தார். இந்த முறை பையை வாங்கி மேசைமேல் கொட்டினேன். ஓரம் தேய்ந்த சிவப்பு ஐசி, கணவரின் மரணப் பத்திரம், கோயில் திருவிழா நன்கொடை ரசீதுகள், தோட்டத்துச் சம்பளச் சீட்டு இரண்டு, தம்பியின் பிறப்புப் பத்திரம். பாட்டிக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. நிபோங் திபால் பக்கத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில், மருத்துவச்சி பார்த்த பிரசவம். அப்பா பதியவில்லை. தம்பி பிறந்தபோது யாரோ சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். ஒரே வீடு, ஒரே அம்மா அப்பா. தம்பிக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி, அக்காவுக்குச் சிவப்பு.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன் இங்கே பிறந்தவர்கள் பதிவு செய்துகொள்ள அரசியலமைப்பின் 16ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். தம்பியின் பத்திரத்தை வைத்துக் காட்டலாம் என்று பார்த்தால், அப்பாவின் பெயர் மூன்று தாளில் மூன்று விதம். ஆங்கில எழுத்தில் ஒன்று ‘ஒய்’யில் முடிகிறது, ஒன்று ‘ஐ’யில், மூன்றாவதில் நடுவே ஓர் எழுத்தே காணோம். எந்தக் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) எந்த அவசரத்தில் எழுதினாரோ. மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஆதரவுக் கடிதத்தை ஒய்பி தானே உட்கார்ந்து எழுதினார். அப்புறம் காத்திருப்பு. கோவிட் வந்தது, இரண்டு ஆட்சி கவிழ்ந்தது, பாட்டியின் பை மட்டும் மாதம் ஒருமுறை எங்கள் மையத்துக்கு வந்து போனது. வரும்போதெல்லாம் மலாயில் பேசிப் பழகுவோம். சந்தை மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ருக்குன் நெகாரா என்கிற நாட்டின் கோட்பாட்டு உறுதிமொழியைத்தான், கேட்டாலும் கேட்பார்கள் என்று, பேத்தி எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்தாள்.

அந்தப் பேத்திக்கு 2021 டிசம்பரில் ஓட்டுரிமை தானாகவே வந்தது. 18 வயதில் ஓட்டு, தானியங்கிப் பதிவு இரண்டும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தன. அவள் ஒரு பாரம்கூட நிரப்பவில்லை.

2023 ஆகஸ்டு 12, சட்டமன்றத் தேர்தல். எங்கள் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளியில் எனக்கு வாக்களிப்பு முகவர் வேலை, சாயங்காலம் எண்ணிக்கைக்கும் இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு வாக்குச்சாவடியின் வாக்காளர்களை வயதுவாரியாகச் சாலுரான்களாக, அதாவது தனித்தனி வாக்களிப்பு அறைகளாக, பிரிப்பார்கள். முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசியில் இளசுகள். எனக்கு முதல் சாலுரான். தடியூன்றியவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள். மறைப்புக்குள் நின்று பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒரு சிலுவைக் குறி போட இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட தாத்தா ஒருவர். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மதியம் சாப்பிட வெளியே வந்தபோது பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் பாட்டி நின்றிருந்தார். பேத்தியோடு வந்தாராம். “நான் உள்ள வரக்கூடாதுல்ல, இங்கயே நிக்கிறேன்.” என் இடது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தார். காலையிலேயே ஓட்டுப் போட்டிருந்தேன், நகத்தைச் சுற்றி மை கறுத்திருந்தது. கட்டை விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். “போகாதா?” “ரெண்டு மூணு வாரம் இருக்கும் பாட்டி.” தலையாட்டினார்.

இரவு எண்ணி முடித்து, எண்ணிக்கை விவரம் எழுதும் 14ஆம் பாரத்தில் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொரு சாலுரானுக்கும் ஒரு பாரம். 40இல் 29 இடம் ஒற்றுமை அரசுக்கூட்டணிக்கு, 11 எதிரணிக்கு என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் என் பாரத்திலேயே நின்றது. இத்தனை வாக்குச்சீட்டுகள், இத்தனை செல்லாதவை. அந்த வயதுக்காரர்களில் பதிவிலேயே இல்லாதவர்களுக்கு அந்தப் பாரத்தில் கட்டம் கிடையாது.

2024 பிற்பாதியில் ஒருநாள் பாட்டி வந்தார். மஞ்சள் பை இல்லை, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நீல ஐசியை எடுத்து மேசைமேல் வைத்தார். மையத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து பார்த்தோம். பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அவ்வப்போது பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

“அடுத்த தேர்தல் எப்ப தம்பி?”

“2028 வாக்குல வரும் பாட்டி. முதல் சாலுரான் உங்களுக்கு.”

கொஞ்ச நேரம் யோசித்தார். முட்டியைத் தடவிக்கொண்டே, “மாடியா, கீழயா?” என்று கேட்டார்.

“கீழதான். உக்கார நாற்காலியும் இருக்கும்.”