நிகோட்டின் கம்மும் பாதியான காபியும்

சிகரெட்டை விடுவதென்று முடிவு செய்து போனபோது, ஒரு நாளைக்கு எத்தனை என்று டாக்டரம்மா முதலில் கேட்கவில்லை. "காலைல எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் தம்?" என்றார். பல் துலக்கும் முன்பே என்றேன். ரத்தத்தில் நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையுமாம். தூங்கி எழுவதற்குள் கிட்டத்தட்ட வடிந்துவிடும். சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் நிகோட்டின் சூயிங் கம்மில், எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 என்பது கணக்கு. எனக்கு 4 எழுதினார்.

கம் என்றாலும் இஷ்டத்துக்கு மெல்லக் கூடாது. மெதுவாக நாலு கடி கடித்தால் மிளகைக் கடித்த மாதிரி சுருக்கென்று ஏறும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலு கடி, இந்த முறை வேறு பக்கம். இப்படி அரை மணி நேரம். வாயின் உட்சவ்வு வழியாகத்தான் மருந்து ரத்தத்தில் சேர வேண்டும். அவசரமாக மென்று விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். நமக்கு மிஞ்சுவது விக்கலும் நெஞ்செரிச்சலும். புகையிலை அடக்கிப் பழகியவர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தரவே வேண்டாம்.

டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டாலும் வீண். வாயில் அமிலம் இருந்தால் நிகோட்டின் சரியாக உள்ளே இறங்காது. டீயும் தம்முமாகவே நின்று பழகியவனுக்கு இதுதான் பெரிய இம்சை.

சரி, கேட்டதா? கேட்டது. ஆனால் அந்த 'கிக்' கிடையாது. புகையாகப் போனால் 10, 20 வினாடியில் மூளையைத் தொட்டு, இன்ப உணர்வைத் தரும் டோபமைனைக் கிளப்பும். கம்மில் ஏற அரை மணி ஆகிறது. தவிப்பும் எரிச்சலும் அடங்கும், அவ்வளவுதான். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தவிப்புக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்வேன்.

யாரும் சொல்லாத ஒன்று காபி. விட்ட கொஞ்ச நாளில் படபடப்பு, ராத்திரித் தூக்கமில்லை. கம்தான் காரணம் என்று அதை நிறுத்தப் பார்த்தேன். டாக்டரம்மாவோ, "காபி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்றார். புகையிலுள்ள தார், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்குமாம். இது நிகோட்டினின் வேலை இல்லை, அதனால் கம் அந்த இடத்தை நிரப்பாது. புகை நின்றதும் நொதி குறையும். அதே டம்ளர் காபி உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். பாதியாகக் குறைத்தேன், தூக்கம் வந்தது.

இதே நொதிதான் மனநோய்க்குத் தரும் க்ளோசபின், ஒலான்சபின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் போன்ற மருந்துகளையும் சிதைக்கிறது. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கும். விட நினைத்து எங்கே போவதென்று தெரியாதவர்களுக்கு 1800-11-2356, புகையிலையை விட உதவும் இலவச எண். சிகரெட் பெட்டியிலேயே இருக்கும்.