கேக் வாங்கவும் ஒரு நிறுவனம்

நேற்று இரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு தொண்டு நிறுவனம் பிறந்தது. ஐந்து பேர், ஒரு பிளாஸ்க் காபி, அமெரிக்க வரித்துறையிடம் வரிவிலக்குக் கேட்கும் 1023 ஈசி படிவம், கட்டணம் 275 டாலர். கணக்குத் தெரிந்தவன் என்று என்னைப் பொருளாளராக மாட்டிவிட்டார்கள்.

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், போதை வழக்குகளுக்கென்று ஒரு சிகிச்சை நீதிமன்றம் இருக்கிறது. 1989இல் மயாமியில் தொடங்கிய முறை: சிறைக்குப் பதில் சிகிச்சை, அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை, நீதிபதி முன் நேரில் ஆஜராவது. சிகிச்சைக்கு அரசு மானியம் வருகிறது. பரிசோதனைக்கு வந்துபோக பஸ் டிக்கெட்? தொலைந்த அடையாள அட்டைக்குக் கட்டணம்? புது வேலைக்குப் பாதுகாப்புக் காலணி? மாதக்கணக்கில் போதையைத் தொடாமல் இருந்த ஒருவர், பஸ்ஸைத் தவறவிட்டுப் பரிசோதனைக்கு வராததற்காகத் தண்டனை வாங்கியதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

நீதிபதியே உண்டியல் ஏந்த முடியாது. நடத்தை விதிகள் தடுக்கின்றன. நியாயமான தடைதான், இன்று நன்கொடை தருபவர் நாளை அவர் முன்னாலேயே வழக்கோடு வந்து நிற்கலாம். அதனால்தான் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதியோடு தனி நிறுவனம்.

முதல் செலவு முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் மூன்று பேர் சிகிச்சையை நிறைவு செய்கிறார்கள், அவர்களுக்குக் கேக். சாக்லேட்டா வெனிலாவா என்பதில்தான் அரை மணி நேரம் போனது.