ஃபியஸ்டா 1.6 எஸ்: ஒருவழியாகக் கழன்றது ஆக்சிஜன் சென்சார்

எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் கழன்றுவிட்டது. மரை ஒன்றுகூடச் சிதையவில்லை. பழைய காரின் எக்ஸாஸ்டில் கை வைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

101 குதிரைத்திறன், 146 நியூட்டன் மீட்டர். ஃபோர்டு மறைமலை நகரில் செய்த கார்களில் இதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை. சில மாதங்களாக இழுவை மந்தம், மைலேஜ் 11-ஐத் தொடவே திணறியது. எஞ்சின் கணினியின் கணக்கை மாற்றி ரீமேப் பண்ணு, புகை தடையில்லாமல் போகும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பெனி கொடுத்த திறன் முழுசாகத் திரும்பிய பிறகுதான் மற்றதெல்லாம். தவிர, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கேஎல்-70 எண்ணோடு ஓட்டுகிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே கேரள வழக்கில்தான். சத்தம் போடுகிற குழாயை மாட்டிக்கொண்டு மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டும் ஆசை எனக்கில்லை.

காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடரில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் (வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் விடுகிறது என்ற கணக்கு) +18 காட்டியது. புகை விட்டுப் பார்த்தோம், இன்டேக்கில் எங்கும் கசிவில்லை. முன் சென்சாரின் (இப்போது கழற்றியது) வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே துடிக்க வேண்டும். இது கீழேயே கிடந்து மெதுவாக ஏறியது. பெட்ரோல் போதவில்லை என்று நம்பி ஈசியூ, அதாவது எஞ்சின் கணினி, மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தது.

இனி கழற்றிய கதை. ஒயர் நுழையப் பக்கத்தில் வெட்டு விட்ட 22 எம்எம் சென்சார் சாக்கெட்டை நான் இனி யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். துருப்பிடித்த சென்சாரில் பலம் கொடுத்தால் சாக்கெட் வாய் விரிகிறது, சென்சாரின் ஆறு பக்க நட்டும் மழுங்கத் தொடங்குகிறது. பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான். ஒயரை வெட்டிவிட்டு, முழு வளைய ரிங் ஸ்பேனரை மேலிருந்து இறக்குங்கள். பெனிட்ரேட்டிங் ஆயிலை முந்தின இரவே, குளிர்ந்த நிலையில் அடிக்க வேண்டும். சூட்டில் அடித்தால் புகைந்தே போய்விடும். காலையில் எஞ்சினை ஓடவிட்டோம். லேத் பட்டறை அண்ணன், "சூடா இருக்கறப்பவே திருப்புங்க தம்பி, ஆறிப்போச்சுன்னா விடாதுங்க" என்றார். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, அப்புறம் கழற்றும் பக்கம். கிரீச்சென்று சத்தம் வந்தால் நின்று, திரும்ப உள்ளே விட்டு, மீண்டும் வெளியே. ஒரே மூச்சில் இழுத்தால் மரை சென்சாரோடு சேர்ந்து வந்துவிடும். வெளியே வந்ததும் மரை வெட்டும் 18×1.5 டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்தேன். புதியதன் மரையில் மட்டும், துருவில் பிடித்துக்கொள்ளாமலிருக்க ஆன்டி சீஸ் பசை. நுனியில் பட்டால் சென்சார் கெடும். பக்கத்தில் சிலிக்கான் ஸ்ப்ரேயும் கூடாது.

இப்போது ட்ரிம் +8. பூஜ்யத்துக்கு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு பங்கு சுத்த பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும்; 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5தான். பழைய கணக்கில் ஓடும் ஈசியூ ஏழெட்டு சதவீதம் கூட ஊற்றுவது இயல்பு. அதே எத்தனாலுக்காக ரப்பர் ஃப்யூயல் ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன். வாங்கும்போது ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோவையில் ஒரு கடைக்காரர் அச்சே இல்லாத குழாயை "அதேதானுங்க" என்று நீட்டினார், வாங்கவில்லை. பழைய உதிரிபாகம் என்றால் சென்னை புதுப்பேட்டைதான், ஆனால் சென்சாரைப் பழையதாக வாங்காதீர்கள்.

மைலேஜ் 13-க்குப் பக்கத்தில் வருகிறது. இதை அளப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடி மாதத்தில் கோவைக்குப் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். போகிற கணக்கை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களை நான் நம்புவதில்லை. போய்வந்த இரண்டையும் சேர்த்து, அதே பெட்ரோல் பங்க்கில், அதே பம்பில் டேங்க் நிரப்பினால்தான் கணக்கு.

பேப்பர் ஏர் ஃபில்டரை மாற்றும் எண்ணமில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் இன்னும் பாக்கி. அதற்குள் முன் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்திவிட்டது, கிடைக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி பாகமாக, பெட்டி பிரிக்காதது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பொள்ளாச்சி வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.