ஏ.எம். லேபில் அந்தக் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள்

இசிஇ தம்பி தங்கைகளே, கம்யூனிகேஷன் லேபில் ஏ.எம். (செய்தி அலைக்கு ஏற்ப, கேரியர் என்னும் அதிவேக அலையின் வீச்சை மாற்றும் முறை) பரிசோதனை வந்தால் உச்ச வீச்சு, குறைந்த வீச்சு இரண்டையும் அளந்து, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, மாடுலேஷன் இண்டெக்ஸ் என்று ரெக்கார்டில் எழுதிவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். ஆசிலாஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றி, மாடுலேட் ஆன அலையை ஒய்யிலும் செய்தி அலையை எக்ஸிலும் கொடுங்கள். சரிவகம் ஒன்று தெரியும். செய்தியின் வீச்சைக் கூட்டக் கூட்ட அதன் ஒரு பக்கம் சுருங்கி, இண்டெக்ஸ் 1ஐத் தொடும்போது முக்கோணமாகிவிடும், அவ்வளவு அழகு அது!

அப்புறம் டிடெக்டர், அதாவது மாடுலேட் ஆன அலையிலிருந்து செய்தியைத் திரும்ப எடுக்கும் சுற்று. கேரியர் 100 கிலோஹெர்ட்ஸ், செய்தி 1 கிலோஹெர்ட்ஸ், இண்டெக்ஸ் 0.5 என்று வைத்துக்கொள்வோம். டையோடுக்குப் பின்னால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் நேர மாறிலி (இரண்டின் பெருக்கல், கெபாசிட்டர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதன் அளவு) 0.1 மில்லிவிநாடி, சைன் அலை ஓரளவு சுத்தமாகவே வரும். அதே இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டுப் பாருங்கள், கெபாசிட்டர் வேகமாக இறங்க முடியாமல் அலையின் இறக்கம் சாய்கோடாக வெட்டுப்படும். ரொம்பச் சின்னதாகப் போட்டால் கேரியர் சிற்றலைகளாக ஒட்டிக்கொண்டே வரும். ட்ரெய்னர் கிட்டில் இதை மாற்ற வழியில்லை என்றால், பிரெட்போர்டு கேட்டு வாங்குங்கள், டிடெக்டருக்குத் தேவை ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்தான்.